ஆம்னியை உட்கார வைத்தவர்

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிணறுகளில் ஓடும் மோட்டார்களில் பாதிக்கு மேல் ஜுபைர் பாய் காயில் கட்டியவை. மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் கழற்றி டிராக்டரில் போட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்கு வருவார்கள். திண்டிவனம் சாலையில் ஒரு பஞ்சர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் அவர் கடை. எரிந்துபோன செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். அவர் கட்டிய காயில் சீக்கிரத்தில் புகையாது.

அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. ஸ்டூல், பெஞ்சு எதுவும் கிடையாது. சிமெண்ட் தரையில் கோணி விரித்திருக்கும். பாய்க்கு இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டன. உள்ளங்கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கைகளால்தான் நடப்பார். அவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்வதால் வருகிறவர்களும் தரையில் உட்கார வேண்டும். இதுதான் கடையின் ஒரே சட்டம்.

ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிய கட்சிக்காரர் ஒருவர் வந்து நின்றபடியே பேசினார். பாய் காது கேட்காதவர் மாதிரி கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நின்றவர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கோணியில் உட்கார்ந்தார். அப்போதுதான் பாய் தலையை நிமிர்த்தி, "சொல்லுங்க தலைவரே, எத்தன எச்பி மோட்டார்?" என்றார்.

நான் அறிவுச்செல்வன். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். மெக்கானிக்கல் படித்தேன். எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி நான். இதை எங்கே எழுதினாலும் சொல்லிக்கொள்வேன், எனக்கு அதில் கூச்சம் இல்லை. டவுனில் ஒரு அரிசி ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆலையின் மோட்டார்களைப் பாயிடம் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பழக்கமாகி, அப்புறம் மோட்டார் எதுவும் எரியாத நாட்களிலும் அவர் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

அவருக்குக் கார் ஆசை வந்தது ஒரு பௌர்ணமியில்.

அன்று அடி அண்ணாமலையில் அன்னதானம் சமைக்கும் இடத்தில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் இல்லை. பாய்க்குப் போன் வந்தது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டியை விடமாட்டார்கள். அவருடைய சைடு வீல் ஸ்கூட்டரைத் தடுப்பிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்னதானக்காரர் ஒருவர் அவரைத் தன் பைக்கில் தூக்கி வைத்து வயல் வழியாகக் கொண்டுபோனார். பாய் மோட்டாரைச் சரி பண்ணினார், கூலி வாங்கினார். திரும்பக் கொண்டுவிட அந்தப் பைக்குக்காரர் வரும்வரை பாதையோரம் ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருந்தார்.

மலையைச் சுற்றி வந்த ஒரு அம்மா அவர் மடியில் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று போட்டார். அப்புறம் வாழைப்பழம், ஒரு பொட்டலம் தயிர் சாதம். பைக்குக்காரர் வராததால் பாய் எனக்குப் போன் செய்தார். நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் அவர் முன்னால் ஒரு துண்டையே விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் ஸ்பேனரும் மல்டிமீட்டரும் வெளியே தெரிய அவருடைய கருவிப் பை. கையெல்லாம் கிரீஸ்.

"அம்மா, நான் வேல செஞ்சு கூலி வாங்கியாச்சு" என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பரவால்லப்பா, வெச்சுக்க. அண்ணாமலையார் குடுக்கறாருனு நெனச்சுக்க."

எனக்குக் கோபம் வந்தது. பாய் எல்லாவற்றையும் துண்டோடு சுருட்டிக்கொண்டு போய் அன்னதானக்காரரிடமே கொடுக்கச் சொன்னார். அவரை என் முதுகில் சுமந்துகொண்டு திரும்பினேன், வழியில் பின்னாலிருந்து பேசினார்.

"அவங்க மேல கோவம் இல்ல அறிவு. தரையில ஒருத்தன் இருந்தா முன்னாடி தட்டு இருக்கணும்னு அவங்க கண்ணுக்குப் பழகிப்போச்சு. நான் தரையிலதான் இருப்பேன். அதுக்காக எழுந்து நிக்க முடியாது. ஆனா தரையில இருக்கறவனப் பாத்து எல்லாரும் ஒரு அடி தள்ளி நிக்கணும். அப்டி ஒண்ணு பண்ணணும்."

என்ன பண்ணுவார் என்று அப்போது அவருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து, கடைக்குப் போனதும் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வீடியோவில் வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் ஒரு சின்ன, நீள மூக்குக் காருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கினார். ஏறவில்லை, இறங்கினார். கூரை இல்லை. கதவு இல்லை. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் அறுபது வருஷத்துக்கும் முன்னால் வந்த லோட்டஸ் செவன் என்ற பந்தயக் கார் அது. உட்கார்ந்தால் தரைக்கும் இடுப்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

"பாத்தியா? இத்தன வருஷமா எவனாவது அக்குள்ள கை குடுத்துத் தூக்கிதான் நான் கார்ல ஏறியிருக்கேன். இதுல யாரும் தூக்க வேணாம். நானே தவழ்ந்து போயி உள்ள விழுந்துடுவேன். இது எனக்குன்னே செஞ்ச வண்டி. செஞ்சவனுக்கு மட்டும் அது தெரியாது."

"பாய், உங்ககிட்ட ஸ்கூட்டர் இருக்குதே" என்றேன்.

"அது கவர்மெண்டு எனக்குக் குடுத்தது. நான் கேட்டது இல்ல."

அந்தக் காரைப் பற்றி நான் தேடிப் படித்தேன். வாங்குகிறவர்கள் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளட்டும் என்று அதைப் பாகங்களாகவும் விற்றிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பாய் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். இங்கிலாந்துக்காரன் வீட்டில் பூட்ட முடிந்ததைத் திருவண்ணாமலைக்காரன் பூட்ட முடியாதா என்று கேட்டார். இஞ்சினியர் என்ற முறையில் முடியாது என்று சொல்ல என்னிடம் காரணங்கள் இருந்தன. அந்தக் கோணியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேடியப்பன் டிராக்டர் டிரெய்லர் செய்கிறவர். ஊருக்கு வெளியே அவருடைய தகரக் கொட்டகை. அங்கேதான் வேலை நடந்தது. பாய் ஒரு பழைய ஆம்னி வேனைப் பேப்பரோடு வாங்கித் தன் பேருக்கு மாற்றினார். இஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் அதிலிருந்து வந்தன. சட்டத்தை மட்டும் சதுரக் குழாயில் புதிதாக வெல்ட் பண்ண வேண்டும்.

அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நான் இணையத்திலிருந்து எடுத்த வரைபடத்தைக் கொண்டுபோயிருந்தேன். பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொட்டகைத் தரையில் போய் உட்கார்ந்தார். கால்களை அவருக்கு வசதியாக மடித்துக்கொண்டார். ஒரு பழைய ஸ்டியரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வேடி, என்னச் சுத்திக் கோடு போடு" என்றார்.

வேடியப்பன் சாக்பீஸை எடுத்து அவரைச் சுற்றி வரைந்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு கோடு. தோளுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல்தான் குழாய்களை அடுக்கினோம். காரைச் செய்துவிட்டு ஆளை உட்கார வைப்பார்கள். இங்கே ஆள் உட்கார்ந்தபிறகு அவரைச் சுற்றி ஒரு கார் வளர்ந்தது. அவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டாம். ஆகவே ஓட்டுகிறவர் பக்கத்தில் கால் வைக்கும் குழியே விடவில்லை. அந்த இடத்தில் பேட்டரியும் கருவிப் பெட்டியும் வந்தன. இடது பக்கத்தில் மட்டும் அவர் மனைவி வஜீதா அக்காவுக்காகக் குழி விட்டோம்.

உடம்பெல்லாம் தட்டை அலுமினியத் தகடு, அதில் கஷ்டமில்லை. மூக்குக்குத்தான் வளைவு வேண்டும். வஜீதா அக்காவின் அண்ணன் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிறவர். அடி ஓட்டையாகிப்போன ஒரு பெரிய தேக்சா அண்டா அவரிடம் கிடந்தது. அதைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தால் அசல் மூக்கு. அன்றிலிருந்து அந்தச் சாலையில் போகிற ஒவ்வொரு லாரி டிரைவருக்கும் ஒரு வேலை வந்தது. கொட்டகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டுவார்கள்.

"இன்னா பாய், தம் போட்டாச்சா?"

"நீ எறங்கி வா, எலும்பு தனியா எடுத்து வெக்கறேன்" என்பார் பாய், தலையைத் தூக்காமலே.

கால் வேலையை எல்லாம் கைக்கு மாற்றினோம். ஸ்டியரிங்குக்கு உள்ளே ஒரு வளையம், அழுத்தினால் வேகம். கியர் கம்பியின் தலையில் பைக் கிளட்ச் பிடி. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் பிரேக்குக்கு ஒரு இரும்புப் பிடி, முன்னால் தள்ளினால் நிற்கும். முதலில் நீளமாக வைத்தோம். திரும்பும்போது பாயின் முழங்கையில் இடித்தது. அறுத்துச் சின்னதாக்கினோம். ஸ்டியரிங்கில் இடித்தது. இன்னும் அறுத்தோம். பாய் தள்ளிப் பார்த்து, "இப்போ கரெக்ட்" என்றார். கடலை பிடுங்கிய காலி நிலத்தில் ஓட்டிப் பார்த்தோம். தள்ளினால் நின்றது, ஆணி அடித்த மாதிரி. ஓட்டியவரும் அவர், நிறுத்தியவரும் அவர். மண் பறக்க அவர் வளைத்துத் திரும்பியபோது பக்கத்து நிலத்தில் களை எடுத்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிவப்பு பெயிண்ட் அடிக்கலாமா என்று வேடியப்பன் கேட்டார். பாய் மறுத்துவிட்டார். தகடு தகடாகவே தெரியட்டும், தேக்சா தேக்சாவாகவே தெரியட்டும் என்றார்.

ஆனால் காலி நிலத்தில் ஓட்டுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. ரோட்டில் ஓட்ட வேண்டும். நம்பரோடு, பேப்பரோடு, யாராவது நிறுத்திக் கேட்டால் நீட்டுவதற்கு அத்தாட்சியோடு.

"திருட்டுத்தனமா ஓட்டினா அப்புறம் அதுவும் பிச்சதான் அறிவு. பாவம் நொண்டி, விட்ருங்கனு எவனாவது சொல்லுவான். எனக்கு அந்த வார்த்தை வேணாம்."

உடல் ஊனத்துக்கு ஏற்றபடி மாற்றிய வண்டி என்ற வகையில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விண்ணப்பித்தோம். அந்த வகையில் பொதுவாகச் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர்தான் வரும். சோதனைத் திடலுக்கு எங்கள் வண்டியை வேடியப்பனின் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஆய்வாளர் கோதண்டராமன் ஆறடி உயரம். கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

"ஆம்னினு போட்டிருக்கு. இது இன்னாது?"

"அதே ஆம்னிதான் சார். இவ்ளோ நாள் நின்னுகினு இருந்துச்சு. நான் உக்கார வெச்சுட்டேன்."

ஆய்வாளர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். கெட்டவர் இல்லை. குனிந்து, படுத்து, வெல்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் சரி என்றார். பிறகு, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"சார், இது எனக்கு அளவெடுத்தது" என்றார் பாய்.

"ஓட்டிப் பாக்காம எப்டிங்க கையெழுத்துப் போடறது?"

அவர் உள்ளே இறங்குவதற்குள் திடலில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். எட்டுப் போட வந்த பையன்கள், லைசென்ஸ் புதுப்பிக்க வந்த லாரிக்காரர்கள். ஆய்வாளர் உட்கார்ந்துவிட்டார். கால்களைத்தான் வைக்க இடமில்லை.

"காலை எங்கங்க வெக்கறது?"

"அந்தப் பக்கம் காலுக்கு எடம் விடல சார். எனக்குத் தேவப்படல."

முழங்கால்களைத் தாடை வரை மடக்கிக்கொண்டு, பெரிய வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். வண்டி அழகாகப் போனது. திடலின் கடைசியில் நிறுத்த வேண்டும். பிரேக் பிடியைத் தள்ளினார். பிடி அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். வண்டி நேராகப் போய் வேலியோரச் சீமைக்கருவேல மரத்தில் மூக்கைக் குத்தி நின்றது. தேக்சா நசுங்கிய சத்தம் வாசல் வரை கேட்டிருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்தப் பிடியைப் பாயைத் தவிர வேறு யாரும் தள்ளிப் பார்த்ததில்லை. ஐந்து வயதிலிருந்து தன் உடம்பை முழுக்கக் கைகளில் தூக்கி நடந்தவர் அவர். அவருடைய தோள் நம்முடைய தொடை. அவருக்குக் 'கரெக்ட்' என்றால் அது ஒரு காலின் பலத்துக்குக் கரெக்ட். பிடியைச் சின்னதாக்கினால் அதைத் தள்ள வேண்டிய பலம் கூடும் என்பது நான் பரீட்சையில் எழுதிப் பாஸான விஷயம். அவருடைய அளவுக்குச் செய்வது என்று முடிவெடுத்தபோது, அந்த அளவில் அவர் கையின் பலமும் சேரும் என்று நாங்கள் ரெண்டு பேருமே நினைக்கவில்லை.

ஆய்வாளருக்கு அடி இல்லை. முள் கிழித்த சட்டையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"பிரேக்கே இல்லாத வண்டிய ரோட்டுல விடச் சொல்றீங்களா?"

"பிரேக் இருக்குது சார். உங்க கைக்குப் பத்தல."

கூட்டம் சிரித்தது. அது ஆய்வாளருக்குப் பிடிக்கவில்லை. பாய் விடவில்லை. நசுங்கிய மூக்கோடு வண்டியை எடுத்தார், திடலில் முழு வேகத்தில் ஓட்டினார், வெள்ளைக் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். அசையாமல் நின்றது. ஆய்வாளர் பார்த்தார், தலையையும் ஆட்டினார். ஆனால் எழுதவில்லை.

"நீங்க நிறுத்துவீங்க, ஒத்துக்கறேன். நடு ரோட்டுல உங்களுக்கு மயக்கம் வந்தா? பக்கத்துல உக்காந்திருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க? இன்னொருத்தரும் நிறுத்தற மாதிரி பண்ணி எடுத்துகினு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

கொட்டகைக்குத் திரும்பியதும் நான் வழி சொன்னேன். பிடியை நீளமாக்கி வளைத்து வைக்கலாம், அல்லது பெரிய கார்களில் இருப்பது போல் பிரேக்கின் கனத்தைக் குறைக்கும் பூஸ்டர் போடலாம். பாய் என்னைப் பேசவே விடவில்லை.

"இந்த ஊர்ல எத்தன கார் ஓடுது? எல்லாம் உங்க காலுக்கு அளவெடுத்தது. எதாவது ஒண்ணுல ஜுபைரு கைக்கு எட்டுதானு எவனாவது கேட்டானா? ஒரே ஒரு வண்டி என் கைக்கு அளவெடுத்திருக்கு. அதையும் உங்களுக்கு வசதியா மாத்தணுமா? மாத்த மாட்டேன்."

"அப்போ பேப்பர் வராது பாய்."

"வராட்டிப் போவுது."

வண்டி ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அந்த நேரத்தில்தான் கல்யாண போட்டோ எடுக்கும் சக்கரபாணி என்பவர் வந்தார். பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் படம் எடுக்க அந்த வண்டி பிரமாதமாக இருக்கும் என்றார். நல்ல விலை சொன்னார். ஓட வேண்டியதில்லை, இஞ்சினைக் கழற்றிக்கொள்ளலாம், கூடு மட்டும் போதும் என்றார்.

பாய் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "சார், உங்க கேமராவ விக்கறீங்களா? உள்ள இருக்கறதெல்லாம் கழட்டிட்டுக் குடுங்க. டப்பா மட்டும் போதும்."

சக்கரபாணி போய்விட்டார். ஆனால் பேப்பர் வராவிட்டால் அந்த வண்டி போட்டோவுக்கு நிற்கிற கூடுதான், வேறென்ன. அது அவருக்கும் தெரியும்.

முடிச்சை அவிழ்த்தது வஜீதா அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். தார்ப்பாயைத் தூக்கிவிட்டு, தனக்காக விட்ட இடது பக்கத்துக் குழியில் இறங்கி உட்கார்ந்து காலை நீட்டினார்.

"என்னாங்க, டிரைவிங் ஸ்கூல் வண்டியில கத்துக்குடுக்கறவர் பக்கத்துல ஒரு பிரேக்கு இருக்குமே. அந்த மாதிரி இங்க ஒண்ணு வெச்சா என்னா? எனக்குத்தான் ரெண்டு கால் சும்மா இருக்குது."

"என் வண்டிய இன்னொருத்தர் நிறுத்தறதா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்கள நான்தான் நிறுத்திகினு இருக்கேன். வண்டிய நிறுத்தினா மட்டும் இன்னா ஆயிடப்போவுது?"

வேடியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார், மூடினார். அப்புறம் அவர் முகத்தில் மெதுவாக ஒன்று மாறியது. கட்சிக்காரர் உட்காரும்வரை கம்பி சுற்றிக்கொண்டிருந்த அந்த முகம்.

"அறிவு, ஆபீஸ், பேங்கு எல்லா எடத்துலயும் எனக்குச் சலுகைனு சொல்லி படிக்கு ஓரமா ஒரு சறுக்கம் கட்டி வெச்சிருக்காங்க இல்ல? பாதி எடத்துல அதுமேல பைக்கு நிக்கும். சரி. என் வண்டியில உங்களுக்கு ஒரு சலுகை. கால் இருக்கறவங்களுக்கு. ஓரமா, எடது பக்கம்."

"பிடி?"

"பிடி அப்படியேதான் இருக்கும். ஒரு நூல் கூட நீளமாவாது."

பெடல் கணக்கை நான் போட்டேன். அதில் நான் தப்புப் பண்ணவில்லை. ஒரு சாதாரண ஆள் சாதாரணமாக மிதித்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. இந்தத் தடவை வஜீதா அக்கா மிதித்தார், வேடியப்பன் மிதித்தார், நான் மிதித்தேன், சாலையில் போன ஒரு பால்காரரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னோம். எல்லோருக்கும் நின்றது. தேக்சாவின் நசுங்கலை வேடியப்பன் தட்டி எடுக்கப் பார்த்தபோது பாய் தடுத்தார். அது ஆய்வாளர் போட்ட கையெழுத்து, இருக்கட்டும் என்றார்.

மறுபடியும் திடல். இந்தத் தடவை கோதண்டராமன் இடது பக்கம் உட்கார்ந்தார். கால் நீட்ட இடம் இருந்தது. அதுவே அவருக்குப் பாதி நிம்மதி. பாய் வண்டியை எடுத்தார். வேகம் ஏறியது. வெள்ளைக் கோடு நெருங்கியபோது பாய் வளையத்தை விட்டார், பிரேக் பிடிக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. ஸ்டியரிங்கின் மேல் ரெண்டு கையையும் லேசாக வைத்துக்கொண்டு, "மிதிங்க சார்" என்றார்.

ஆய்வாளர் மிதித்தார். கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

அடுத்த சுற்றில் பாயே தன் பிடியால் நிறுத்தினார். மூன்றாவது சுற்றில் சொல்லாமல் கொள்ளாமல் பாதி வழியில் ஆய்வாளர் மிதித்தார். வண்டி நின்றது, பாய் அவரை முறைத்தார். ஆய்வாளருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை நான் பார்த்தேன். இறங்கி வந்து பேனாவை எடுத்தார்.

"இந்த எடது பக்கத்துப் பெடல் இருக்கே, இத எப்டிங்க எழுதறது?"

"கால் உள்ளவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கப்பட்டதுனு எழுதுங்க சார்."

ஆய்வாளர் பாயை நேராகப் பார்த்தார். நேராகப் பார்ப்பதற்கு அவர் தரையில் குந்த வேண்டியிருந்தது. "கூடுதல் பிரேக் பெடல், இடது பக்கம்னு எழுதிக்கறேன் பாய். நீங்க சொன்னத மனசுல வெச்சுக்கறேன்" என்றார்.

விண்ணப்பம் மேலிடத்துக்குப் போய், கேள்வியோடு திரும்பி வந்து, பதிலோடு மறுபடி போய், ஒரு மழைக்காலம் முழுக்க இழுத்தது. கடைசியில் அனுமதி வந்தது. ஒரு நிபந்தனை: இந்த வண்டியை ஜுபைர் மட்டுமே ஓட்டலாம், வேறு யாரும் ஓட்டக் கூடாது. வாசித்துக் காட்டியபோது பாய் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"நாட்டுல எவ்ளோ பெரிய ஆளு வந்தாலும்?"

"ஓட்டக் கூடாது பாய்."

"கவர்மெண்டுக்கே புரிஞ்சுபோச்சு பாரு."

முதல் ஓட்டம் எங்கள் ஊருக்குத்தான். எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரின் மோட்டார் தயாராக இருந்தது. பின்னால் அதைக் கட்டி வைத்து, வஜீதா அக்காவை இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டு பாய் கிளம்பினார். நான் பைக்கில் முன்னால் வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் டீ போட்டு வைத்திருந்தார்கள். தெருவே சாலையோரம் வந்து நின்றது.

வண்டி வருவதற்கு முன்னால் சண்டை வந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கேட்டது.

"லாரி வருது, லாரி வருது."

"வரட்டும், அவன் ரோட்டுல அவன் வரான். கால எடு வஜீதா."

"நீங்க கம்மி பண்ணுங்க, நான் எடுக்கறேன்."

வண்டி குலுங்கி, இறங்கி, மறுபடி சீறியது. நசுங்கிய மூக்கு வெயிலில் மின்னியது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, முந்த முடியவில்லை. பாயின் தலை எங்கள் இடுப்பு உயரத்தில் காற்றாய்ப் போனது. பக்கத்து வீட்டு உண்ணாமலை அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

அவர் நிற்கவில்லை. மோட்டாருக்குச் சொந்தக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு, "பாய், இங்கதான், இங்கதான்" என்று கொஞ்ச தூரம் ஓடினார். வண்டி கீழ்பென்னாத்தூரையும் தாண்டிச் செஞ்சிப் பக்கம் போய்விட்டது. நான் போன் செய்தேன். வஜீதா அக்காதான் எடுத்தார். காற்றில் பாதி கேட்கவில்லை.

"நான் மிதிச்சுகினேதான் இருக்கேன் தம்பி, கால எடுத்தா மறுபடி வளையத்த அழுத்திடறாரு," என்றார், "இவரு நிறுத்தறதுக்குள்ள அடுத்த ஊரு வந்துடுது."